பாடாத கோப்பும் பாழான கோப்பும்



இம்மலரில் தல வரலாறு, திருமுறைச் சிறப்பு, திருவிழாக்களின் உட்பொருள் ஆகியன பற்றிய கட்டுரைகளையே அன்பர்கள் எதிர்பார்ப்பீர்கள். இவ்வாண்டு கணினியைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபோது நானும் சற்றே தயங்கினேன். தமிழ்ப்பள்ளியில் 36 ஆண்டுகள் பணியாற்றி 2021-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றவன் நான். கணினி வல்லுநன் அல்லன். ஆயினும், 2024-ஆம் ஆண்டு நவராத்திரிக்கு ஒரு வாரம் முன்பு நம் ஆலய அலுவலகத்தில் நேர்ந்த ஒன்றை எழுதி வைத்தால் அது பல இல்லங்களுக்குப் பயன்படும் என்று அவர்கள் வற்புறுத்தினர். திருமண ஒளிப்பதிவு, மறைந்த பெரியவரின் குரல், பேரப்பிள்ளையின் முதல் மழலை ஆகிய அனைத்தும் இன்று கோப்புகளாகவே நம் வீடுகளில் இருக்கின்றன என்பதை எண்ணிப் பார்த்து நானும் இசைந்தேன்.

நடந்தது என்ன?

நம் ஆலயத்தில் 1984 முதல் 2002 வரை ஞாயிறுதோறும் தேவார வகுப்பு நடத்திய ஓதுவார் ஐயாவை மூத்த அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2004-இல் அவர் இறைவனடி சேர்ந்தார். அவருடைய வகுப்புகளை மாணவர் ஒருவர் ஒலிநாடாக்களில் பதிவு செய்து வைத்திருந்தார். இப்போது மெல்பர்னில் வாழும் அம்மாணவர், அந்த நாடாக்களையும், 1996-ஆம் ஆண்டுத் திருக்குட நன்னீராட்டு விழாவின் ஒளிப்பதிவையும், வேறு சில பதிவுகளையும் கணினிக் கோப்புகளாக மாற்றி, இணையச் சேமிப்பகத்தில் ஏற்றி, பதிவிறக்கிக்கொள்ளும்படி நமக்கு இணைப்பை அனுப்பினார். மொத்தம் 38 கோப்புகள். நவராத்திரி நிறைவு நாளன்று ஓதுவாரின் குரலைத் தேவார வகுப்புப் பிள்ளைகளுக்குக் கேட்பிக்க வேண்டும் என்று செயலவை முடிவு செய்திருந்தது.

வெள்ளிக்கிழமை இரவுப் பூசை முடிந்து நான் அலுவலகத்திற்குள் நுழைந்தபோது செயலாளர் கணினியின் முன் அமர்ந்திருந்தார். 27 கோப்புகள் பாடின, 11 பாடவில்லை. "சார், இந்தப் பதினொன்றும் கெட்டுப் போச்சு. சும்மா இடத்த அடைச்சிக்கிட்டுக் கிடக்குது. அழிச்சிட்டேன்," என்றார். அழித்த கோப்புகள் கணினியின் குப்பைத் தொட்டியில் கிடந்தன. அதையும் காலி செய்ய அவர் கை சென்ற வேளையில், "கொஞ்சம் பொறுங்க தம்பி," என்று தடுத்துவிட்டேன். தொட்டியைத் திறந்து, கோப்புகளின் மேல் வலப்பக்கச் சொடுக்குச் செய்து, 'ரிஸ்டோர்' என்பதைத் தேர்ந்தெடுத்ததும் பதினொன்றும் பழைய இடத்திற்குத் திரும்பின.

நான் தடுத்த காரணம்

என் தாயார் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். 2008-இல் ஒரு நாள் தம் பேரனுக்கு அக்காலத்துக் கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். விடியற்காலை எழுந்து விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு மரத்திற்குச் சென்றதையெல்லாம் சொன்னதை, என் மகன் தன் கைப்பேசியில் பதிவு செய்தான். ஏறக்குறைய 12 நிமிடப் பதிவு. பிறகு அதைக் கணினிக்கு மாற்றினேன். கணினியில் அது பாடவில்லை. அளவைப் பார்த்தால் ஒரு எம்பிதான் இருந்தது. இத்தனை சிறிய கோப்பில் என்ன இருந்துவிடப் போகிறது என்று எண்ணி அழித்துவிட்டேன். 2010-இல் தாயார் காலமானார். அந்தக் கைப்பேசியும் பழுதாகிக் குப்பைக்குப் போயிற்று.

பல ஆண்டுகளுக்குப் பின்னரே விவரம் தெரிந்தது. அக்காலக் கைப்பேசிகள் பேச்சை 'ஏஎம்ஆர்' என்னும் முறையில் பதிவு செய்தன. அது தொலைபேசிப் பேச்சுக்கென்றே அமைந்த முறை. 12 நிமிடப் பேச்சு ஏறத்தாழ ஒரு எம்பியில் அடங்கிவிடும். கோப்பு நன்றாகவே இருந்திருக்கிறது. என் கணினிக்குத்தான் அதைப் படிக்கத் தெரியவில்லை. அதைப் பாடவைக்கும் மென்பொருள்கள் அன்றே இருந்தன. யாரிடமாவது கேட்டிருந்தால் போதும், நான் கேட்கவில்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்: பாடாத கோப்பு என்பது வேறு, பாழான கோப்பு என்பது வேறு.

உறையும் கடிதமும்

கோப்பு ஏன் பாடுவதில்லை என்பதை அறிய அதன் அமைப்பைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். ஒலியையோ காட்சியையோ உள்ளபடியே கணினியில் வைத்தால் மிகுந்த இடம் பிடிக்கும். 90 நிமிட ஒலிநாடாவின் ஒரு பக்கம் 45 நிமிடம் ஓடும். அதைக் குறுந்தட்டின் தரத்தில் சுருக்காமல் வைத்தால் நிமிடத்திற்குச் சுமார் 10 எம்பி வீதம் 450 எம்பிக்கு மேல் ஆகும். அதையே 'எம்பி3' முறையில், வழக்கமான 128 கிலோபிட் அளவில் சுருக்கினால் நிமிடத்திற்கு ஒரு எம்பிக்குச் சற்றுக் குறைவாக, 43 எம்பியில் அடங்கிவிடும். இவ்வாறு சுருக்குவதற்கும் பிறகு விரிப்பதற்கும் உரிய முறையைக் 'கோடெக்' என்பார்கள்.

அஞ்சலில் வரும் கடிதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே ஓர் உறை. உள்ளே ஒரு கடிதம். கோப்புப் பெயரின் கடைசியில் வரும் எம்பி4, ஏவிஐ, எம்கேவி, எம்ஓவி போன்ற பின்னொட்டுகள் உறையின் வகையை மட்டுமே காட்டுகின்றன. உள்ளே உள்ள கடிதம் எந்த மொழியில் எழுதப்பட்டது என்பதைக் கோடெக்தான் முடிவு செய்கிறது. காணொளிக் கோப்பின் உறைக்குள் பெரும்பாலும் இரண்டு கடிதங்கள் இருக்கும். ஒன்று படத்திற்கு, மற்றொன்று ஒலிக்கு. இரண்டும் வெவ்வேறு மொழியில் இருக்கலாம். அதனால்தான் சில கோப்புகளில் ஒலி மட்டும் வந்து திரை கறுப்பாகவே நிற்கிறது. வேறு சிலவற்றில் படம் ஓடியும் ஒலி வருவதில்லை.

பின்னொட்டை மாற்றிப் பெயரிட்டால் கோப்பு மாறிவிடும் என்று நம்புவோர் உண்டு. உறையின் மேல் 'தமிழ்' என்று எழுதிவிட்டால் உள்ளே உள்ள சீனக் கடிதம் தமிழாகிவிடாது.

இனி, அந்தப் பதினொரு கோப்புகளையும் நாங்கள் ஒவ்வொன்றாக ஆராய்ந்த முறையைக் கூறுகிறேன்.

அரைகுறையாக வந்தவை: மூன்று

முதலில் பார்க்க வேண்டியது அளவு. கோப்பின் மேல் வலப்பக்கச் சொடுக்குச் செய்து 'ப்ராபர்ட்டீஸ்' என்பதைத் திறந்தால் அளவு தெரியும். அதை, இணையச் சேமிப்பகத்தில் காட்டப்படும் அளவோடு ஒப்பிட வேண்டும். மூன்று கோப்புகள் 43 எம்பி இருக்க வேண்டிய இடத்தில் முப்பதைச் சுற்றியே நின்றன. பதிவிறக்கும்போது ஆலயத்தின் இணையத் தொடர்பு இடையில் அறுந்திருக்கிறது. அவற்றில் இரண்டின் பெயரின் இறுதியில் 'சிஆர்டவுன்லோட்' என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டிருந்தது. குரோம், எட்ஜ் ஆகிய உலாவிகள் முற்றுப்பெறாத கோப்புக்கு இடும் பெயர் அது. பயர்பாக்ஸ் உலாவி 'பார்ட்' என்று இடும்.

"முக்கால் பங்கு வந்திருக்கே சார், அந்த முக்காலாவது பாடக்கூடாதா?" என்று செயலாளர் கேட்டார். நல்ல கேள்வி. எம்பி3 கோப்பாக இருந்தால் அறுந்த இடம் வரை பாடியிருக்கும். ஆனால் இவை 'எம்4ஏ' கோப்புகள். எம்பி4 குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்துக் கோப்புகளில் புத்தகத்தின் பொருளடக்கம் போன்ற ஒரு பகுதி உண்டு. எந்த ஒலி எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அதுவே சொல்லும். பல கருவிகள் இந்தப் பொருளடக்கத்தைப் பதிவெல்லாம் முடிந்த பிறகு கோப்பின் கடைசியில் எழுதுகின்றன. எனவே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு வந்திருந்தாலும் கடைசிப் பகுதி வராவிட்டால் கோப்பு வாயே திறக்காது. படம்பிடிக்கும்போது மின்கலம் தீர்ந்து கருவி நின்றுபோனால் காணொளி திறக்காமற் போவதும் இதனாலேயே. அத்தகைய கோப்பையும் அழிக்க வேண்டா. அதே கருவியில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றை மாதிரியாக வைத்துச் சீர்செய்யும் மென்பொருள்கள் உள்ளன.

மூன்றையும் வீட்டிலிருந்து மறுபடி பதிவிறக்கினேன். மூன்றும் பாடின. நிறைவு நாளுக்கென்று நாங்கள் தேர்ந்திருந்த பதிவும் இம்மூன்றில் ஒன்று.

கோப்பு வேடமிட்ட பக்கம்: ஒன்று

நான்காவது கோப்பு ஒரு மணி நேரக் காணொளி என்று பெயர் சொன்னது. அளவோ வெறும் 4 கேபி. நோட்பேடு என்னும் எளிய எழுதுபலகையில் திறந்து பார்த்தபோது உள்ளே இணையப் பக்கத்திற்குரிய எழுத்துகளே இருந்தன. அந்த ஒரு கோப்புக்கு மட்டும் மெல்பர்ன் அன்பர் அனுமதி கொடுக்க மறந்துவிட்டார். 'உள்ளே வர அனுமதி பெறுக' என்று கூறும் பக்கத்தையே நம் கணினி காணொளியின் பெயரில் சேமித்து வைத்திருக்கிறது. புலனத்தில் ஒரு செய்தி அனுப்பினோம். அவர் அனுமதி கொடுத்ததும் காணொளி முழுமையாக வந்து சேர்ந்தது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு மணி நேரக் காணொளிக்கு 4 கேபி என்பது நடவாத காரியம். 12 நிமிடப் பேச்சுக்கு ஒரு எம்பி என்பதோ நடக்கக்கூடியதே. அளவு சிறிது என்பதை மட்டும் பார்க்காமல், எத்தனை நிமிடத்திற்கு அந்த அளவு என்று கணக்கிட வேண்டும். நான் அன்று இக்கணக்கைப் போடாமற் போனேன்.

கட்டுப் பிரிக்காத மூட்டை: இரண்டு

பல கோப்புகளை ஒன்றாகக் கட்டி அனுப்புவதற்கு 'ஸிப்' என்னும் மூட்டை முறை உண்டு. விண்டோஸ் கணினி இந்த மூட்டையைச் சாதாரண உறைபோலவே திறந்து காட்டுவதால், மூட்டை அவிழ்ந்துவிட்டது என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில் அது உள்ளே இருப்பதை எட்டிப் பார்ப்பது மட்டுமே. அந்நிலையில் பாடலைச் சொடுக்கினால் சில வேளை பாடும். பல வேளை பாடாது. மூட்டையின் மேல் வலப்பக்கச் சொடுக்குச் செய்து 'எக்ஸ்ட்ராக்ட் ஆல்' என்பதைத் தேர்ந்து, எல்லாவற்றையும் வெளியே எடுத்த பிறகே பாடவைக்க வேண்டும். ஐந்தாவது கோப்பு அவ்வாறு பாடியது.

ஆறாவது கோப்பு மூட்டையிலிருந்து வெளியே வரவே மறுத்தது. அதன் பெயர்தான் காரணம். அனுப்பியவர் நல்ல தமிழில், விழாவின் பெயர், நாள், இடம் எல்லாம் சேர்த்து நீண்ட பெயராக இட்டிருந்தார். அது பல அடுக்குக் கோப்புறைகளுக்குள்ளும் இருந்தது. விண்டோஸில் பல மென்பொருள்கள் கோப்பின் முழு முகவரி 260 எழுத்தைத் தாண்டினால் திறக்க மறுத்துவிடும். நாம் ஓர் எழுத்தாகக் காணும் 'கோ' என்பதைக் கணினி ககரம் ஒன்று, ஓகாரக் குறி ஒன்று என இரண்டாக எண்ணுகிறது. ஆகவே தமிழ்ப் பெயர்கள் நாம் நினைப்பதைவிட விரைவில் எல்லையைத் தொட்டுவிடுகின்றன. மூட்டையை 'சி' வட்டின் முகப்பிலேயே ஒரு சிறிய பெயருள்ள கோப்புறைக்கு மாற்றி அவிழ்த்தோம், வந்துவிட்டது. தமிழில் பெயரிடுவதை விட்டுவிட வேண்டா. சுருக்கமாக இட்டால் போதும்.

மொழி தெரியாமற் போனவை: மூன்று

ஏழாவது கோப்பு, விழாவின் ஒளிநாடாவை முன்பு ஒரு காலத்தில் டிவிடி வட்டுக்கு மாற்றி, அவ்வட்டிலிருந்து எடுத்தது. அதன் கோடெக் 'எம்பெக்-2'. நம் அலுவலகக் கணினியில் அது இல்லை. எட்டாவது, 2001-இல் இணையத்தில் கேட்பதற்கென 'ரியல் ஆடியோ' முறையில் செய்யப்பட்ட ஒலிக்கோப்பு. 1995-இல் வந்து சில ஆண்டுகள் எங்கும் வழங்கிய அம்முறை இன்று வழக்கொழிந்துவிட்டது. ஒன்பதாவது, அண்மையில் ஐபோனில் எடுத்த காணொளி. ஒலி வந்தது, திரை கறுப்பாக நின்றது.

இந்த மூன்றாவது வகைச் சிக்கலே இக்காலத்தில் வீடுகளில் மிகுதி. 2003-இல் வந்த 'எச்.264' என்னும் காணொளி முறையை ஏறத்தாழ எல்லாக் கருவிகளும் அறியும். 2013-இல் வந்த 'எச்.265' அதைவிட நன்றாகச் சுருக்கும். 'எச்இவிசி' என்பதும் அதன் பெயரே. 2017 முதல் புதிய ஐபோன்கள் தாமாகவே இம்முறையில் பதிவு செய்கின்றன. எல்லா விண்டோஸ் கணினிகளிலும் அதற்குரிய கோடெக் இருப்பதில்லை. அதனால் மகன் ஐபோனில் எடுத்தது தந்தையின் கணினியில் தெரிவதில்லை. இனி எடுப்பவை எங்கும் ஓட வேண்டுமென்றால், ஐபோனின் அமைப்புகளில் 'கேமரா' பகுதிக்குள் 'ஃபார்மட்ஸ்' என்பதைத் திறந்து, 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்பதைத் தேர்ந்துகொள்ளலாம்.

மூன்று கோப்புகளுக்கும் ஒரே மருந்து போதுமானதாயிற்று. அது 'விஎல்சி' என்னும் இலவச மென்பொருள். எக்கோல் சென்ட்ரல் பாரிஸ் என்னும் பொறியியல் கல்லூரி மாணவர்கள் 1996-இல் தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்து, 2001 முதல் எவரும் எடுத்துப் பயன்படுத்தும் கட்டற்ற மென்பொருளாக வழங்கி வருகிறது. சாலைப் பணியில் வைக்கும் ஆரஞ்சு நிறக் கூம்பு அதன் அடையாளம். மற்றப் பிளேயர்கள் பெரும்பாலும் கணினியில் உள்ள கோடெக்குகளை நம்பியிருக்கும். விஎல்சியோ தனக்கு வேண்டியவற்றில் மிகப் பெரும்பாலானவற்றைத் தன்னுடனேயே கொண்டுவருகிறது. பல மொழி கற்ற துபாஷி என்று சொல்லலாம். கோப்பு ஓடும்போது 'டூல்ஸ்' பட்டியில் 'கோடெக் இன்ஃபர்மேஷன்' என்பதைத் திறந்தால், உள்ளே உள்ள கடிதங்கள் எந்த மொழியில் உள்ளன என்பதையும் அது சொல்லிவிடும். புலனத்திலிருந்து எடுத்து வைத்த குரற்செய்திகள் 'ஓபஸ்' அல்லது 'ஓக்' என்ற பின்னொட்டுடன் இருக்கும். அவற்றையும் இது பாடும். என் தாயாரின் ஏஎம்ஆர் கோப்பையும் பாடியிருக்கும்.

ஒலி வேறிடம் சென்றது: ஒன்று

பத்தாவது கோப்பில் படம் தெளிவாக ஓடியது, ஒலி இல்லை. செயலாளர் கோப்பைக் குறை கூறினார். குற்றம் கோப்பில் இல்லை. அலுவலகக் கணினி மண்டபத்துப் படவீழ்த்தியோடு கம்பியால் இணைக்கப்பட்டிருந்தது. அவ்வாறு இணைத்தால் விண்டோஸ் ஒலியையும் பல வேளை அந்தப் பக்கமே அனுப்பிவிடும். திரையின் வலக்கீழ் மூலையில் உள்ள ஒலிபெருக்கிச் சின்னத்தைத் தொட்டு, ஒலி எங்கே செல்ல வேண்டும் என்பதைத் தேர்ந்தவுடன் சரியாயிற்று. வீட்டில் புளூடூத் ஒலிபெருக்கியோ காதொலிக் கருவியோ இணைந்திருந்தாலும் இதே குழப்பம் நேரும். ஆகையால் ஒலி வராதபோது, முதலில் நன்றாகப் பாடும் வேறொரு கோப்பைப் பாடவைத்துப் பார்ப்பது நலம். அதுவும் பாடாவிட்டால் குறை கணினியில். அது மட்டும் பாடினால் குறை கோப்பில்.

விரலியில் கொண்டு செல்லும்போது

மண்டபத்து ஒலிபெருக்கிப் பெட்டியில் விரலியைச் செருகிப் பாடவைக்கும் வழக்கம் நம் ஆலயங்களில் பரவியிருக்கிறது. இத்தகைய பெட்டிகளில் பல எம்பி3 ஒன்றை மட்டுமே அறியும். எம்4ஏ கோப்பைக் கொடுத்தால் விரலியே காலியாக இருப்பதுபோல் காட்டும். விஎல்சியின் 'மீடியா' பட்டியில் உள்ள 'கன்வர்ட்' வழியாக எம்பி3 நகல் ஒன்றைச் செய்துகொள்ளலாம். ஆனால் மூலக் கோப்பை நீக்கிவிடக் கூடாது. ஒரு சுருக்கும் முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் தரம் சிறிது குறையும். குறைந்தது திரும்ப வராது.

நீண்ட காணொளி விரலியில் ஏற மறுத்தால், விரலி 'ஃபேட்32' என்னும் பழைய அமைப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். அவ்வமைப்பு 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. 'எக்ஸ்ஃபேட்' அமைப்புக்கு மாற்றினால் ஏற்கும். மாற்றும்போது விரலியில் உள்ளவை அனைத்தும் அழிந்துவிடும். முன்னதாக வேறிடத்தில் நகல் எடுத்து வைக்க வேண்டும். காணொளி திக்கித் திக்கி ஓடினால், விரலியிலிருந்து கணினிக்கு நகலெடுத்து அங்கிருந்து ஓட்டிப் பாருங்கள். பழைய கணினியில் 4கே காணொளி திக்குவது கணினியின் ஆற்றல் குறைவால். கோப்பின் குறையால் அன்று.

கவனமாக இருக்க வேண்டியவை

பாடாத கோப்போடு போராடும் வேளையில்தான் நாம் ஏமாறுவதும் எளிது. 'இதைக் காண இந்தக் கோடெக்கை உடனே பதிவிறக்குக' என்று திடீரெனத் தோன்றும் அறிவிப்பைத் தொடவே கூடாது. 2005-ஐ ஒட்டிப் பரவிய 'ஸ்லாப்' என்னும் தீய மென்பொருள் காணொளிக் கோடெக் வேடத்திலேயே கணினிகளுக்குள் புகுந்தது. அந்தத் தந்திரம் இன்னும் ஓயவில்லை. விஎல்சியை அதை உருவாக்கும் வீடியோலேன் அமைப்பின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும்.

விண்டோஸ் தானாகவே பின்னொட்டை மறைத்து வைக்கிறது. 'பாடல்.எம்பி3' என்று கண்ணுக்குத் தெரிவது உண்மையில் 'பாடல்.எம்பி3.இஎக்ஸ்இ' ஆக இருக்கலாம். அது பாடல் அன்று, இயங்கும் நிரல். கோப்புகளைக் காட்டும் சாளரத்தில் 'வியூ', பின் 'ஷோ', பின் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்று தேர்ந்தால் விண்டோஸ் 11-இல் பின்னொட்டு முழுமையாகத் தெரியும். மேலும், கட்டணச் செயலிகளுக்குள் பதிவிறக்கும் பாடல்கள் அச்செயலிக்குள் மட்டுமே பாடும்படி பூட்டப்பட்டவை. அவை வெளியே பாடாமை பழுதன்று.

சுருக்கமாகச் சொன்னால்

பள்ளியில் கரும்பலகையில் எழுதிப்போடும் பழக்கம் என்னை விட்டபாடில்லை. ஆகவே வரிசையாகத் தருகிறேன். 

1. எதையும் அழிக்க வேண்டா. 
2. நன்றாகப் பாடும் வேறொரு கோப்பைப் பாடவைத்துக் கணினியைச் சோதிக்கவும். 
3. அளவையும் நிமிடத்தையும் ஒப்பிட்டு, பதிவிறக்கம் முழுமையா என்று பார்க்கவும். ஐயமிருந்தால் மறுபடி பதிவிறக்கவும். 
4. மூட்டையாக இருந்தால் அவிழ்க்கவும். பெயர் நீளமாக இருந்தால் சுருக்கவும். 
5. பின்னொட்டை வெளிப்படுத்தி, அது பாடற்கோப்புதானா என்று உறுதி செய்யவும். 
6. விஎல்சியில் திறந்து பார்க்கவும். 
7. அப்போதும் பாடாவிட்டால் அனுப்பியவரிடம் கேட்கவும். வேறொரு கணினியில் முயலவும். 

பாடத் தொடங்கியதும் வேறொரு வட்டிலும், வேறொரு வீட்டிலும் நகல் வைக்கவும். பதறாத காரியம் சிதறாது என்று நம் முன்னோர் சொன்னது கணினிக்கும் பொருந்தும்.

பதினோராவது கோப்பு

பத்துக் கோப்புகளைப் பாடவைத்துவிட்டோம். பதினோராவது இன்னும் பாடவில்லை. அளவு சரியாக இருக்கிறது, மறுபடி பதிவிறக்கியும் பயனில்லை, விஎல்சியும் கைவிட்டது. மெல்பர்ன் அன்பரிடம் கேட்டபோது, அவரிடமுள்ள கோப்பும் பாடவில்லை என்றார். அதன் மூல நாடா பூஞ்சை பிடித்திருந்ததால், கணினிக்கு மாற்றியவுடன் வீசிவிட்டாராம். மாற்றியதைக் கடைசி வரை ஒரு முறை கேட்டுப் பார்க்காமல் மூலத்தை வீசக்கூடாது என்பதை அவரும் இப்போது உணர்ந்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. அந்தக் கோப்பு இன்றும் 'காத்திருப்பவை' என்ற கோப்புறையில் இருக்கிறது. மறு நகலைப் பொருளாளர் தம் வீட்டில் வைத்திருக்கிறார். கோப்புறைக்கு அப்பெயரை இட்டவர் செயலாளரே.

நிறைவு நாள் மாலையில் மண்டபத்தில் பிள்ளைகளை அமரவைத்து, நாங்கள் தேர்ந்திருந்த பதிவைப் பாடவைத்தோம். முதலில் மழை ஓசை கேட்டது. அதன் பிறகு ஓதுவார் ஐயாவின் இருமல். "சன்னல சாத்துப்பா, சாரல் அடிக்குது," என்று யாரோ ஒரு மாணவனிடம் சொல்கிறார். நாற்காலி நகரும் ஓசை. பிறகே பாடம் தொடங்கியது. மண்டபத்தின் பின்வரிசையில் அமர்ந்திருந்த ஓர் அன்பர், தலையில் நரை விழுந்தவர், "அன்னைக்குச் சன்னல சாத்தினது நான்தான் சார்," என்று என்னிடம் மெல்லச் சொன்னார். அப்பதிவு ஏறக்குறைய இரண்டு வாரங்களுக்கு முன் குப்பைத் தொட்டியில் கிடந்தது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

அன்பர்கள் தத்தம் இல்லங்களில் பாடாமற் கிடக்கும் கோப்புகள் இருந்தால் அவற்றை அழித்துவிட வேண்டா என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு விரலியில் எடுத்துக்கொண்டு, சனிக்கிழமை மாலைகளில் ஆலய அலுவலகத்திற்கு வாருங்கள். செயலாளரும் நானும் இருப்போம். அமர்ந்து பார்ப்போம்.